வழிச்செலவை எண்ணக் கூடாது

தார் காய்ச்சும் கொப்பரையை ஆர்வெல் ஸ்டெகால் செவ்வாய்க்கிழமை விற்றான். லாரியைப் புதன்கிழமை விற்றான். ஏணி, வாளி, நீளக் காம்பு போட்ட துடைப்பங்கள் எல்லாவற்றையும் ஒரே விலை பேசி வியாழக்கிழமை ஒருவன் அள்ளிக்கொண்டு போனான். பதினொரு வருஷம் ஊரார் கூரைமேல் நின்று தார் பூசி, உடம்பை வேகவைத்துச் சேர்த்ததெல்லாம், பேங்கில் கிடந்ததோடு கூட்டினால், பத்தாயிரம் டாலருக்கு வந்து நின்றது. சனிக்கிழமை காலை அதை ஒரு காகிதப் பையில் போட்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மனைவி ஜெனீவாவின் காரில் ஏறி உட்கார்ந்தான்.

ஜெனீவா முதியோர் விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். ஊர் எல்லை தாண்டி, புகையிலைக் கிடங்கு வந்ததும் கேட்டாள்.

"தோத்தா?"

"தோத்தா திங்கட்கிழமை எவன்கிட்டயாவது கூலிக்குப் போறேன். அவன் கொப்பரை, என் முதுகு."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா உபதேசியாருக்கு வழிச்செலவு குடுப்பேன்."

"எவ்ளோ?"

"பாதி."

அவள் காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டாள்.

பில்லியர்ட்ஸ் மேசையில் கோலால் பந்தடித்துப் பந்தயத்தில் பிழைக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெரிய பந்தயத்தில் தோற்றவன் பெரும்பாலும் துடைத்துவிட்ட மாதிரி நிற்பான். ஜெயித்தவன் போகிற போக்கில் அவன் சட்டைப் பையில் ஏதோ கொஞ்சம் செருகுவான். காருக்குப் பெட்ரோல், ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். இருபது இருக்கும், மிஞ்சினால் நாற்பது. அதற்கு வழிச்செலவு என்று பேர். வாங்குகிறவன் அதை எண்ணிப் பார்க்கக் கூடாது. விருந்துக்குப் போன வீட்டில் இலையைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி அது. டென்னசி முழுக்கவும் அதற்கு அந்தப் பக்கம் டெக்சஸ் வரைக்கும் இதை யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறினதும் இல்லை.

அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் ஆர்வெலின் பேரைக் கொன்றார்கள்.

1972-ல் அவனுக்கு முப்பத்தொரு வயது. கை சொன்னபடி கேட்கும், கண் கையைவிட முந்தும். மரம் அறுக்கும் மில் வைத்திருந்த ஹோய்ட் பாலூ அவன்மேல் பணம் போடுகிறவராக இருந்தார். அப்படித்தான் இந்தத் தொழில். ஆடுகிறவன் கையில் காசிருக்காது. காசிருக்கிறவருக்கு ஆட வராது. தோல்வி அவருடையது, ஜெயிப்பில் இவனுக்குப் பங்கு. நடுவில் இருப்பது நம்பிக்கை ஒன்றுதான். பணம் போட்டவருக்குத் தெரியாமல் எதிராளியோடு பேசிவைத்துத் தோற்று, அப்புறம் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்கிறவனை விலைபோனவன் என்பார்கள். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் அப்புறம் அவனுக்காக ஒருத்தரும் ஒரு டாலர் எடுக்க மாட்டார்கள்.

அந்த மார்ச் மாதம் நாஷ்வில் பக்கத்தில் ஒரு கிளப்பில், நாலாயிரம் டாலர் பந்தயம். எதிராளி லோன்சோ கிட்ரெல். கறுப்புக் கோட்டுப் போட்டு, தணிந்த குரலில், ஆளுக்கு ஆள் 'தம்பி, தம்பி' என்று பேசுவதால் அவனை எல்லாரும் உபதேசியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாலு மணி நேரம் ஆடினார்கள். கடைசி ஆட்டத்தில் குழிக்கு ஒரு முழம் தள்ளி நேராக நின்ற பந்தை ஆர்வெல் தவறவிட்டான். ஏன் விட்டான் என்றால், விட்டான். கை அசந்துவிட்டது. உலகத்தில் எல்லாருக்கும் ஒரு நாள் நடப்பது அவனுக்கு அன்று நடந்தது.

உபதேசியார் பணத்தை வாங்கிக்கொண்டு வந்து, அவன் தோளைத் தட்டி, சிவப்பு ரப்பர் பேண்டு போட்ட ஒரு சுருளைச் சட்டைப் பையில் செருகினான். மேலே தெரிந்தது ஒரு டாலர் நோட்டு. சுருள் கொஞ்சம் தடிமனாகத்தான் இருந்தது. சுற்றி நின்று பந்தயம் கட்டினவர்கள் வீசின ஒற்றை டாலர்களைச் சுருட்டித் தருகிறான் என்று ஆர்வெல் நினைத்தான். எண்ணவில்லை. எப்படி எண்ணுவான்?

விடிந்ததும் பாலூவும் அவனும் எதிரே இருந்த ஓட்டலுக்குப் போனார்கள். முட்டை, வறுத்த பன்றி இறைச்சி, சோளக் கஞ்சி. நாலாயிரம் விட்ட மனுஷனிடம் சாப்பாட்டுக் காசையும் வாங்கக் கூடாது என்று ஆர்வெல்தான் முந்திக்கொண்டு சுருளை எடுத்தான். ரப்பர் பேண்டை உருவினான். ஒற்றை டாலருக்குள்ளிருந்து நூறு டாலர் நோட்டுகள் மேசைமேல் விரிந்தன. ஒன்று முட்டையின் மஞ்சள் கருமேல் போய் ஒட்டியது.

பாலூ கத்தவில்லை. ஒவ்வொன்றாக எண்ணினார். இருபது நோட்டு. இரண்டாயிரம். சரியாகப் பாதி. மஞ்சள் கரு பட்டதையும் துடைத்து அடுக்கி, அவன் பக்கம் தள்ளினார். "அந்தப் பந்தை எங்கம்மா போட்டிருப்பாடா, ஆர்வெல். கண்ணு தெரியாத எங்கம்மா" என்றார். தன் சாப்பாட்டுக்கு மட்டும் காசு வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று மத்தியானத்துக்குள் போன்மேல் போன் பறந்து எல்லா ஊர் கிளப்புக்கும் சேதி போய்விட்டது.

அந்த இரண்டாயிரத்தில்தான் ஆர்வெல் கொப்பரை வாங்கினான்.

இப்போது ஜெனீவா என்ஜினை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவளுக்கு இந்தக் கதை மனப்பாடம். தெரியாதது பாதி என்கிற அந்த ஒரு வார்த்தைதான்.

"அவன் உனக்குச் செஞ்சதையே நீ அவனுக்குச் செய்யப்போறே."

"ஆமா."

"அவன்மேல பணம் போடுறவன் யாரு?"

"ராய்ஸ் டிட்மோர். பழைய லாரி விக்கிறவன். கோவக்காரன்."

"சரி. அந்தச் சுருளை டிட்மோர் எண்ணுவான். உபதேசியார் விலைபோனான்னு ஊரெல்லாம் சொல்லும். நல்லா இருக்கு. அப்ப நீ யாருப்பா?"

"என்ன கேக்குறே?"

"அவன் விலைபோயித்தான் தோத்தான்னா, நீ ஜெயிக்கலேல்ல? நீ காசு குடுத்து வாங்கின ஆளு. பதினோரு வருஷம் கழிச்சு மேசைக்கு வந்து, அவனை நிஜமாவே அடிச்சு, அதை நீயே பொய்யாக்கப்போறே. அதுவும் அஞ்சாயிரம் செலவு பண்ணி."

ஆர்வெல் கண்ணாடி வழியே புகையிலைக் கிடங்கின் தகரக் கூரையைப் பார்த்தான். அந்தக் கூரைக்கு அவன்தான் தார் பூசியிருந்தான். ஓரத்தில் ஒரு இடம் மறுபடி விரிசல் விட்டிருந்தது.

"அதெல்லாம் யோசிச்சாச்சு" என்றான். "போகட்டும். எம்பேரு ஏற்கனவே போனதுதான். அவன் பேரும் போகணும்."

"பைத்தியக்காரா" என்று சொல்லி அவள் வண்டியைக் கிளப்பினாள்.

மில்சாப் கிளப் ஒன்பது மணிக்கே நிறைந்திருந்தது. உபதேசியார் ஊருக்கு வருகிறான் என்று ஒரு வாரமாகப் பேச்சு. அவனுக்கு வயது ஐம்பத்தேழு. கண்ணாடி போட்டிருந்தான், கோட்டு அதே கறுப்பு. பக்கத்தில் டிட்மோர் கையில் சோடாவோடு, கழுத்தில்லாத மாதிரி நின்றான். சுவரோரம் உயரமான நாற்காலி ஒன்றில், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன கிழவர் உட்கார்ந்திருந்தார். ஹோய்ட் பாலூ. ஆர்வெல்தான் போன் பண்ணி வரச் சொன்னான். பதினொரு வருஷத்தில் அவரிடம் பேசின ஒரே வாக்கியம்: "சனிக்கிழமை மில்சாப்புக்கு வந்து பாருங்க ஐயா." அவர் பதில் சொல்லாமல் போனை வைத்தார். ஆனால் வந்திருந்தார்.

ஆர்வெல் காகிதப் பையை மேசைமேல் வைத்தான்.

"பத்தாயிரம். ஒரு குழி ஆட்டம். யாரு முதல்ல ஏழு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு. எனக்குச் சலுகை ஒண்ணும் வேண்டாம், சரிசமம்."

உபதேசியார் பையைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்தான். தார் தெறித்த தழும்புகள், பிளந்த நகம்.

"தம்பி ஆர்வெல். நல்லா இருக்கியா? எனக்கு ஆடறதுல ஒண்ணுமில்ல. ஆனா ஒரு மாதிரிப் பேரெடுத்த ஆளோட ஆடினா, நாளைக்கு எனக்கில்ல சங்கடம்?"

"உபதேசியாரே, விலைபோறவன் அடுத்தவன் காசுலதான் விலைபோவான். இது என் காசு. சொந்தக் காசை வெச்சுக்கிட்டு நான் யாருக்கு விலைபோறது, உங்க பொண்டாட்டிக்கா?"

கூட்டம் சிரித்தது. டிட்மோர் சோடா சிந்தச் சிரித்தான். "யோவ், இவன் சரியான ஆளுய்யா! ஆடு. பத்தாயிரம் நான் போடுறேன்."

"ஒரே ஒரு கண்டிசன்" என்றான் ஆர்வெல்.

"சொல்லு."

"முடிஞ்சதும் ஜெயிச்சவன் தோத்தவனுக்கு வழிச்செலவு குடுக்கணும். மரியாதைப்படி. தோத்தவன் மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"இதெல்லாம் ஒரு கண்டிசனாய்யா? எவன் குடுக்காம இருந்தான்?" என்றான் டிட்மோர்.

மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். உபதேசியாருக்கு மட்டும் புரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஆர்வெலின் இடது மணிக்கட்டில், செய்தித்தாளைச் சுற்றி வருகிற சிவப்பு ரப்பர் பேண்டு ஒன்று கிடந்ததை அவன் பார்த்துவிட்டான்.

பணத்தைக் கிளப்காரர் மில்சாப் வாங்கி, கோல் நுனியில் தேய்க்கிற சாக்கட்டி வைக்கும் மர டப்பாவில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒரு குழி ஆட்டம் அவசரக்காரனுக்கு ஆகாது. மேசையில் ஆறு குழி இருந்தாலும் ஆளுக்கு ஒன்றுதான் சொந்தம், மேசையின் ஒரு கோடியில் இருக்கும் இரண்டு மூலைகளில் இவனுக்கொன்று அவனுக்கொன்று. பதினைந்து பந்தில் எட்டை எவன் முதலில் தன் குழியில் போடுகிறானோ அவன் ஜெயித்தான். போடுவதைவிட போடவிடாமல் செய்வதுதான் ஆட்டம். வெள்ளைப் பந்தை மற்றப் பந்துகளுக்குப் பின்னால் ஒளித்து, எதிராளிக்கு அடிக்க வழியில்லாமல் செய்து, அவன் தப்புப் பண்ணுகிறவரை காத்திருக்க வேண்டும். ஆர்வெல் காத்திருக்கப் படித்தவன். தார்க் கொட்டகையில் ஒரு பழைய மேசை வாங்கிப் போட்டு, பதினொரு வருஷம் தனியாக ஆடினான். ஒரு முறை தனக்காக, ஒரு முறை உபதேசியாருக்காக. உபதேசியாருக்காக அடிக்கும்போதும் ஏமாற்றாமல் அடித்தான். அதனால் அந்த ஆள் எந்தப் பந்தை எப்படி யோசிப்பான் என்று, ஜெனீவா என்ன சமைப்பாள் என்று தெரிகிற மாதிரி அவனுக்குத் தெரியும்.

ஆனாலும் முதல் மூன்று ஆட்டத்தையும் உபதேசியார்தான் எடுத்தான்.

"என்னப்பா, கூரை ஒழுகுதே!" என்று யாரோ கத்தினான்.

"தார் இன்னும் காயலடா, பொறு" என்றாள் ஜெனீவா மூலையிலிருந்து. அவள் பொலோனா இறைச்சி வைத்த சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கவலை வந்தால் வயிறு பசிக்கும்.

நாலாவது ஆட்டத்தில் ஆர்வெலுக்கு மேசை பிடிபட்டது. பந்து மோதித் திரும்புகிற ரப்பர் விளிம்பு எங்கே உயிரோடு இருக்கிறது, எங்கே செத்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது. நாலு, ஐந்து, ஆறு என்று மூன்றையும் எடுத்தான். மூன்றுக்கு மூன்று. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பந்துகளை அடுக்குவதற்குள் ரப்பர் பேண்டைக் கழற்றி, இரண்டு விரலில் போட்டு இழுத்து, மறுபடி மாட்டிக்கொள்வான். அவ்வளவுதான் செய்தான். எதிராளி அடிக்கும்போது கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன்மேல் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

மத்தியானம் ஆனது. யாரும் வெளியே போகவில்லை. ஐந்துக்கு ஐந்து. ஆறுக்கு ஐந்து என்று உபதேசியார் முந்தினான். ஆறுக்கு ஆறு என்று ஆர்வெல் பிடித்தான். உபதேசியார் முகத்தில் ஈரம் நின்றது. கையில் பவுடர் போட்டான், துடைத்தான், மறுபடி போட்டான். ஆடும் நேரத்தைவிட, உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அவன் அதிகம் களைத்த மாதிரி தெரிந்தது. சட்டைப் பையின் பட்டனை அவன் எப்போது போட்டான் என்று ஆர்வெல் கவனிக்கவில்லை. ஆனால் போட்டிருந்தான்.

கடைசி ஆட்டம் ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. உபதேசியாருக்கு ஏழு பந்து விழுந்துவிட்டது, இன்னும் ஒன்று போதும். ஆர்வெலுக்கு ஐந்துதான். ஆர்வெல் ஒளித்த வெள்ளைப் பந்து அரைவிரல் பிசகியது, உபதேசியாரின் குழிக்கு நேராக ஒரு பந்து நின்றுவிட்டது. ஒரு முழம். நேர்க்கோடு. குழந்தை போடும்.

ஆர்வெல் நாற்காலியில் சாய்ந்தான். கொப்பரை கண்ணுக்குள் வந்தது. திங்கட்கிழமை வந்தது. வேறெதுவும் செய்ய இல்லாததால் உபதேசியாரை மட்டும் பார்த்தான்.

உபதேசியார் குனிந்தான். நிமிர்ந்தான். கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு மறுபடி குனிந்தான். இந்தப் பந்தைப் போட்டால் இத்தோடு முடிந்தது, வழிச்செலவு கொடுப்பது அவன். விட்டால்? அவன் கோல் இரண்டு தடவை முன்னும் பின்னும் போனது, மூன்றாவது தடவை போகும்போதே கை இறுகிவிட்டது.

பந்து குழியின் உதட்டில் மோதி, ஆடி, வெளியே வந்தது.

அப்புறம் டிட்மோர் சொன்னான். "அதைப் பொட்டைக் கோழி போட்டிருக்குமேய்யா."

சுவரோர நாற்காலியில் பாலூ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆர்வெல் எழுந்தான். மூன்று பந்து வேண்டும். முதலாவது நீளமாக, விளிம்பை உரசிக்கொண்டு போய் விழுந்தது. இரண்டாவது சுலபம். மூன்றாவதை மேசை விளிம்பில் அடித்துத் திருப்பித்தான் போட முடியும். கொட்டகையில் அதே அடியை உபதேசியாருக்காக எத்தனையோ தடவை அடித்திருக்கிறான். இன்றைக்குத் தனக்காக அடித்தான். அது போய் விழுகிற சத்தத்தை நின்று கேட்டான்.

மில்சாப் டப்பாவிலிருந்து எழுந்து இருபதாயிரத்தையும் அவன் கையில் வைத்தார். ஆர்வெல் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மேசைமேல் குனிந்தான். விளக்குக்குக் கீழே நோட்டுகளைப் பிரித்தான். ஐம்பது நூறு. அவசரமில்லாமல் எண்ணினான். அதன்மேல் ஒரு டாலர் நோட்டைச் சுற்றினான். மணிக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டை உருவிப் போட்டான். ஜெனீவா மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதைக் காரிலேயே சொல்லிவிட்டாள்.

சுருளோடு திரும்பி உபதேசியாரை நோக்கி நடந்தான்.

"நல்லா ஆடினீங்க உபதேசியாரே. இந்தாங்க, வழிச்செலவு."

உபதேசியார் ஒரு அடி பின்னால் வைத்தான். கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது.

"வேண்டாம்."

"அட வாங்குய்யா" என்றான் டிட்மோர். "கண்டிசன் பேசினோமில்ல? பிச்சையா போடுறான்?"

"எனக்கு வேண்டாம் ராய்ஸ். பெட்ரோல் நம்ம வண்டியிலயே இருக்கு."

"பெட்ரோல் இருந்தா என்ன? மனுஷன் மரியாதை பண்றான். வாங்கு."

ஆர்வெல் இன்னும் ஒரு அடி வைத்தான். உபதேசியார் முதுகு சாக்கட்டித் தட்டில் இடித்தது. நீலக் கட்டிகள் உருண்டு தரையில் விழுந்தன.

"எண்ணச் சொல்லு!" என்று உபதேசியார் கத்தினான். அந்தக் குரலை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. "எல்லார் முன்னாடியும் எண்ணிட்டுக் குடுக்கச் சொல்லு!"

சோடா விற்கிற பையன் மூடியைத் திறந்த கையோடு நின்றான். வழிச்செலவை எண்ணச் சொல்லி ஒரு ஆட்டக்காரன் கேட்டு அங்கே இருந்த எவனும் பார்த்ததில்லை.

"எதுக்கு எண்ணணும்?" என்றான் டிட்மோர், மெதுவாக.

"உனக்குத் தெரியாது. இவன் பாதியை வைப்பான். உன் காசுல பாதியை என் பையில வெச்சிட்டு, நான் விலைபோயித்தான் அந்தப் பந்தை விட்டேன்னு..."

"ஏன் அப்படிச் செய்யணும்? எவனாவது தான் ஜெயிச்ச காசுல பாதியைத் தூக்கிக் குடுப்பானா?"

"இவன் குடுப்பான்! ஏன்னா..."

நிறுத்திவிட்டான். ஆனால் நிறுத்தின இடம் சரியில்லை. அங்கே இருந்த எல்லாருக்கும் மிச்சத்தைத் தாங்களே சொல்லிக்கொள்ளத் தெரிந்தது.

சுவரோரமிருந்து பாலூவின் குரல் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் வார்த்தை நசுங்கி வந்தது. "ஏன்னா நீ செஞ்சே. முடி, உபதேசியாரே. வாக்கியத்தை முடி."

உபதேசியார் சுற்றிப் பார்த்தான். எந்தப் பக்கமும் கதவில்லாத மாதிரி பார்த்தான். அப்புறம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் அவனுக்குப் பழைய குரல் கொஞ்சம் திரும்பியது.

"ஆமா. செஞ்சேன். அன்னிக்கு நான் நியாயமாத்தான் ஜெயிச்சேன். இவன் நிஜமாவே ஆடினான், நிஜமாவே விட்டான். ஆனா இன்னும் ஒரு வருஷம் போயிருந்தா என்னால இவனைத் தொட முடியாது. எனக்குத் தெரியும், இந்த ஊர்ல வேற யாருக்கும் தெரியாது. ரெண்டாயிரம் டாலருக்கு பதினோரு வருஷம் வாங்கினேன். மலிவு. உங்கள்ல எவனுக்கு வாய்ச்சாலும் வாங்கியிருப்பீங்க."

டிட்மோர் சோடாவை மேசை விளிம்பில் வைத்தான். மேசைமேல் எதையும் வைக்கக் கூடாது என்று மில்சாப் அன்றைக்குச் சொல்லவில்லை. "அடுத்தவனை விலைபோனவன்னு காட்டத் தெரிஞ்சவனுக்குத் தானே விலைபோக எவ்ளோ நேரமாகும்?" என்றான். "நீ விட்ட அந்தப் பந்தையும் பார்த்தேன். விலைபோனியோ, பயந்தியோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். என் கார்ல ஏறாதே. என் பேரையும் சொல்லிக்கிட்டுத் திரியாதே."

கதவு அடித்துக்கொண்டது. வெளியே உபதேசியாரின் பெட்டியை நடைபாதையில் வீசின சத்தம் கேட்டது. அப்புறம் டிட்மோரின் வண்டி கிளம்பின சத்தம்.

"எண்ணுப்பா ஆர்வெல்" என்றான் கூட்டத்தில் ஒருத்தன். "சுருள்ல எவ்ளோன்னு பாப்போம்."

ஆர்வெல் கையிலிருந்த சுருளைப் பார்த்தான். அதைத் தன் கால்சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான். இன்னொரு பையிலிருந்து ஒரு இருபது டாலர் நோட்டை எடுத்தான். இரண்டு முனையைப் பிடித்து விரித்து, முன்பக்கம் காட்டினான், பின்பக்கம் காட்டினான். உபதேசியாரின் சட்டைப் பைப் பட்டனைத் தன் பிளந்த நகத்தால் நெம்பித் திறந்தான். நோட்டை நாலாக மடித்து உள்ளே செருகினான்.

"பஸ் டிக்கெட் பன்னெண்டு டாலர். மிச்சத்துல முட்டை சாப்பிடு" என்றான். 'நீங்க' போய்விட்டது.

உபதேசியார் அதை எடுத்து எறிந்திருக்கலாம். ஆனால் அவன் பையில் வேறு காசில்லை. கோலைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு, வழிவிட்டவர்களுக்கு நடுவே போனான். யாரும் தோளில் தட்டவில்லை.

ஆர்வெல் வாசலுக்குப் போகும்போது பாலூ நல்ல கையை நீட்டினார்.

"அப்ப நீ நிஜமாவே விட்டேடா, அந்தப் பந்தை."

"ஆமாங்கய்யா. நிஜமாவே விட்டேன்."

"நான்..." என்று இழுத்தார் கிழவர். "அன்னிக்கு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றான் ஆர்வெல். நீட்டின கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை. தட்டிவிடவும் இல்லை. கை காற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியது.

"அந்தச் சுருள்ல எவ்ளோ இருந்துச்சு?" என்றார் பாலூ, பேச்சை மாற்றுகிற மாதிரி.

"வழிச்செலவை எண்ணக் கூடாதுங்கய்யா. உங்களுக்குத் தெரியாதா?"

வெளியே இன்னும் நல்ல வெயில். ஜெனீவா காரை எடுத்தாள். பஸ் நிறுத்தம் வந்தபோது ஆர்வெல், "மெதுவாப் போ" என்றான். அவள் மெதுவாக்கினாள். பெஞ்சில் உபதேசியார் உட்கார்ந்திருந்தான், பெட்டி காலுக்குக் கீழே, கோல் உறை முழங்கால்களுக்கு நடுவே. இருபது டாலர் நோட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்து வைத்திருந்தான். அதைத் திருப்பினான். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். கட்டை விரலால் ஒரு மூலையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான், அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று.

ஆர்வெல் கழுத்தைத் திருப்பி, அவன் மறைகிறவரை பார்த்தான். வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ஜெனீவா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் கால்சட்டைப் பையிலிருந்து சுருளை உருவினாள். ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்தாள். ஒற்றை டாலர் அவள் மடியில் விழுந்தது, அதற்குப் பின்னால் நூறுகள்.

"அவன் கத்தாம இருந்திருந்தா?" என்று கேட்டாள். "குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்" என்றான்.

அவள் ரப்பர் பேண்டை ஜன்னல் வழியே எறிந்தாள். புகையிலைக் கிடங்கு வந்தது.

"அந்த ஓரத்துல விரிசல் விட்டிருக்கு" என்றான் ஆர்வெல். "திங்கட்கிழமை போயி கொப்பரையைத் திரும்ப வாங்கணும்."